நாகப்பட்டினம் கடலில் அலை மின்சாரக் கருவியைச் சோதிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

மயிலாடுதுறைப் பக்கம் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நான்கு பேரின் கேள்வி இது. 1.2 மீட்டர் விட்டத்தில் உருளை மிதவை செய்திருக்கிறார்கள், அரை மீட்டர் அமிழும். கடலடியில் ஊன்றிய ஒரு தூணின் மேல் அது ஏறி இறங்கும்போது பற்சட்டமும் பல்சக்கரமும் ஜெனரேட்டரைச் சுற்றும். தரங்கம்பாடிக்கோ நாகைக்கோ எதிரே இதை இறக்கலாமா, 5 எச்.பி. பம்புசெட் ஓடுமா என்று கேட்கிறார்கள்.

பம்புசெட் ஓடாது. ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. ஆழமான நீரில் ஒரு மீட்டர் அகல அலைமுகப்பில் வந்து சேரும் சக்தி, கிலோவாட்டில், ஏறத்தாழ 0.49 × உயரத்தின் வர்க்கம் × காலம். உயரம் என்பது குறிப்பலை உயரம்: அந்த அரைமணி நேரத்தில் வந்த அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி, மீட்டரில். காலம் என்பது ஆற்றல் காலம், விநாடியில். அமைதியான நாளில் 0.7 மீட்டர், 5.5 விநாடி என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு 1.3 கிலோவாட். உங்களுடையதைவிடப் பெரிய, 2 மீட்டர் அகல மிதவை, நன்றாக வடிவமைத்து வந்ததில் ஐந்திலொரு பங்கைப் பிடித்தால் 0.53 கிலோவாட். பல்சக்கரம், ஜெனரேட்டர், ரெக்டிஃபையர் எல்லாம் தின்றது போகக் கையில் நிற்பது 300 வாட் சொச்சம். 5 எச்.பி. மோட்டார் மின்கம்பியிலிருந்து இழுப்பது 4.5 கிலோவாட் பக்கம். ஒரு பம்புசெட் ஓட அப்படிப்பட்ட மிதவை பதினான்கு வேண்டும். அதற்குப் பதில் வரப்பில் சோலார் தகடு நட்டுவிடலாம், உப்பும் ஏறாது.

இந்தக் கரையில் அலை ஏன் சிறியது என்றால், தென்மேற்கிலிருந்து வரும் பெரிய நெடுஅலையை, அதாவது தொலைக்கடலில் பிறந்து நீண்ட காலத்தோடு வரும் அலையை, இலங்கை மறித்து நிற்கிறது. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை ஆழமே இல்லாத குட்டை மாதிரி. சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும் மாதங்களில் குட்டையான, கொத்திக்கொண்டே இருக்கும் அலை. வாடைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், உயரம் கூடும். 1.5 மீட்டர், 6.5 விநாடி என்றால் அதே சூத்திரம் மீட்டருக்கு 7 கிலோவாட் கொடுக்கும். புயல் வந்து 6 மீட்டர், 10 விநாடி என்று எழுந்தால் 176 கிலோவாட். அமைதி நாளைப் போல 130 மடங்குக்கு மேல். சம்பாதிப்பது 1.3-இல், அடி வாங்குவது 176-இல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உற்பத்திக்கு இளைத்த இந்தக் கடல், சோதனைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. சிறுமாதிரிக் கணக்கில் நீளம் 5 மடங்கானால் காலம் 5-இன் வர்க்கமூலம், அதாவது 2.24 மடங்கு கூடும். நாகைக்கு எதிரே 0.6 மீட்டர், 5 விநாடி அலை ஐந்திலொரு பங்கு மாதிரிக்குக் காட்டுவது, பெருங்கடலில் 3 மீட்டர், 11 விநாடி அலையை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2003 முதல் இயங்கும் ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்துக்கு எதிரே குளிர்காலத்தில் அப்படிப்பட்ட கடல் அபூர்வமில்லை. அங்கே முழு அளவுக் கருவியை இறக்கிப் பாடம் கற்பது கோடிகளைக் கரைக்கும் வேலை. இங்கே அதே பாடத்தை ஃபைபர் படகில் போய்க் கற்கலாம். அயர்லாந்தின் கால்வே விரிகுடாவைக் கால் அளவு மாதிரிகளுக்கென்றே 2006-இல் ஒதுக்கினார்கள். டென்மார்க்கில் வேவ் டிராகன் என்ற கருவியின் சிறுவடிவம் 2003-இல் ஓர் உள்வாங்கிய அமைதியான நீர்ப்பரப்பில்தான் முதலில் மிதந்தது. ஆகவே உங்கள் இலக்கு யூனிட் கணக்காக இருக்க வேண்டாம். சக்தி நீளத்தின் மூன்றரை அடுக்காகக் கூடும், ஐந்தின் மூன்றரை அடுக்கு 280. ஐந்திலொரு பங்கு மாதிரியில் 100 வாட் சராசரியாக எடுத்து, அதை நம்பும்படி அளந்து காட்டினால், முழு அளவில் 28 கிலோவாட் கருவி ஒன்றின் சான்று உங்கள் கையில் இருக்கிறது. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு எதிரே 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் சோதித்த சிந்துஜா-1 கொடுத்ததும் 100 வாட்தான்.

இனி வேலை வரிசை. முதலில் அலையை அளந்து பாருங்கள், பிறகு கருவியைத் தொடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் அலைமிதவைத் தரவும், ஈ.ஆர்.ஏ.5 போன்ற பின்கணிப்புத் தரவும் பருவங்களைப் புரிந்துகொள்ளப் போதும். நீங்கள் இறக்கப்போகும் இடத்துக்கு அவை போதாது. கையிருப்பு குறைவானவர்கள் வழக்கமாகக் கடலடியில் அழுத்த உணரியைப் புதைப்பார்கள். இந்தக் கரையில் அது காலை வாரும். 8 மீட்டர் அடியில் 6 விநாடி அலையின் அழுத்தத்தில் 59 சதவீதம் தெரியும், 3 விநாடி அலையில் வெறும் 6 சதவீதம். சோழகம் எழுப்பும் குட்டை அலை முழுவதும் உணரியின் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும், கடல் பட்டுப்போல இருந்தது என்று தரவு சொல்லும். உணரியை 4 மீட்டர் ஆழமே உள்ள இடத்தின் அடித்தரைக்கு மாற்றினால் 3 விநாடி அலை 30 சதவீதம் தெரியும், திருத்திக்கொள்ளலாம். 20 மீட்டரில் அடித்தரை உணரியை மறந்துவிட்டு, முடுக்கமானி வைத்த சிறு மிதவை கட்டுங்கள். பதிவு ஒவ்வொன்றும் குறைந்தது 20 நிமிடம், விநாடிக்கு இரண்டு வாசிப்புக்குக் குறையாமல். இன்னொன்று: இங்கே உள்ளூர்க் காற்றலையும் தெற்கிலிருந்து நழுவி வரும் நெடுஅலையும் ஒரே நேரத்தில் இருக்கும். எந்தக் காலத்து அலையில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் நிறமாலையில் இரண்டு முகடு. சராசரிக் காலம் என்று ஒற்றை எண்ணை எழுதினால், அந்த எண்ணுக்கு உரிய அலை கடலிலேயே இருக்காது. நிறமாலையை முழுதாகச் சேமியுங்கள்.

அடுத்தது தொட்டி. ஐ.ஐ.டி. மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் அலைத்தொட்டிகள் உண்டு, உங்கள் கல்லூரி வழியாக முறையாகக் கேளுங்கள். இருபதிலொரு பங்கு மாதிரி என்றால் 6 விநாடி அலை 1.34 விநாடியாகும், 1.2 மீட்டர் உயரம் 6 சென்டிமீட்டராகும், எடை 8,000-த்தில் ஒரு பங்கு, சக்தி சுமார் 36,000-த்தில் ஒரு பங்கு. முழு அளவில் 36 கிலோவாட் என்பது தொட்டியில் 1 வாட். அந்த 1 வாட்டில் பேரிங் உராய்வு பாதியைத் தின்றுவிட்டால் உங்கள் முடிவு கருவியைப் பற்றியதல்ல, பேரிங்கைப் பற்றியது. அதனால் தொட்டி மாதிரியில் ஜெனரேட்டர் வைக்காதீர்கள். காற்றுத் தணிப்பானோ சுழல்மின்னோட்டத் தணிப்போ வைத்து விசையையும் வேகத்தையும் பெருக்கிச் சக்தி எடுங்கள். தொட்டியின் அகலம் மாதிரியின் அகலத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கச் சுவர் அலையைத் திருப்பி அனுப்பும். ஒழுங்கலையில் தொடங்கி, ஒழுங்கற்ற அலையில் முடியுங்கள். நீர்த்தம்பக் கருவி, அதாவது அறைக்குள் ஏறி இறங்கும் நீர் காற்றைத் தள்ளி டர்பைனைச் சுற்றும் வகை, செய்கிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அறைக்குள் அடைபடும் காற்றின் அமுங்குதன்மை சிறிதாவதில்லை. காற்றறையின் கொள்ளளவை நீளத்தின் கனமாகக் குறைக்காமல் வர்க்கமாகக் குறைக்க வேண்டும், அதாவது மாதிரிக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு டிரம் இணைக்க வேண்டும். இதைச் செய்யாத தொட்டி முடிவுகள் கடலில் பொய்த்திருக்கின்றன.

இப்போது உங்கள் மிதவைக்கு வருவோம். குறை அதில்தான் இருக்கிறது. 1.2 மீட்டர் விட்டம், 1.13 சதுர மீட்டர் நீர்மட்டப் பரப்பு. ஒரு மீட்டர் அமுக்கினால் 11,400 நியூட்டன் எதிர்த்துத் தள்ளும். அரை மீட்டர் அமிழ்வுக்கு நிறை 580 கிலோ, கூடவே ஆடும் நீரின் நிறை சுமார் 300 கிலோ. இந்த எண்களை ஸ்பிரிங் சூத்திரத்தில் போட்டால் இயற்கை ஆட்டக் காலம் 1.7 விநாடி. கடல் தருவது 5.5 விநாடி. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால்தான் வீச்சு கூடும். உங்கள் மிதவை அலையின் மேல் அரசிலை மாதிரி ஏறி இறங்குமே தவிர, அலையைவிட ஒரு சென்டிமீட்டர்கூட அதிகம் ஆடாது. ஒத்ததிர்வுக்கு வர 8.7 டன் நிறை வேண்டும், இப்போது இருப்பதைப் போல பத்து மடங்கு. அவ்வளவு இரும்பை மிதக்கவும் வைக்க முடியாது, அக்கரைப்பேட்டையில் எந்தப் படகும் இழுக்கவும் செய்யாது.

வழி, நீரின் நிறையைக் கடன் வாங்குவது. 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டையான தகட்டைக் கிடையாகக் கீழே தொங்கவிட்டால், அது மேலும் கீழும் அசைய 2.7 டன் நீரைக் கூட இழுக்க வேண்டியிருக்கும். அந்தத் தகட்டோடு இணைந்த தண்டு ஓரளவு நிலையாக நிற்கும், மிதவை அதை எதிர்த்து ஆடும். கடலடியில் தூண் ஊன்றும் யோசனையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல இதுவே போதுமான காரணம். ஆற்றுமுகங்களை ஒட்டிய இந்தக் கரையில் பல இடங்களில் அடித்தரை வண்டல், தூணைப் பிடித்து நிற்காது. மிதக்கும் அமைப்பு என்றால் ஏற்றவற்றத்துக்கெனத் தனியாக வீச்சு ஒதுக்கவும் தேவையில்லை. ஆனால் தகடு ஆழத்தில் இருக்க வேண்டும். 5.5 விநாடி அலையின் அசைவு 6 மீட்டர் கீழேயும் 45 சதவீதம் மிச்சமிருக்கும், தகடும் மிதவையோடு சேர்ந்து ஆடும். 12 மீட்டரில் 20 சதவீதம்தான். ஆக, இறக்கும் இடம் 20 மீட்டர் ஆழம், மீனவர் கணக்கில் 11 பாகம். இங்கே கடல் மெல்லச் சரிவதால் அந்த ஆழத்துக்குக் கொஞ்சம் தூரம் போகத்தான் வேண்டும். நீர்த்தம்ப வகை என்றால் கணக்கு வேறு: 5.5 விநாடிக்கு ஒத்ததிர நீர்த்தம்பத்தின் செயல்நீளம் 7.5 மீட்டர்.

அசைவை மின்சாரமாக்கும் பகுதிக்கு எண் போட்டுப் பாருங்கள். மிதவைக்கும் தண்டுக்கும் இடையே கால் மீட்டர் வீச்சு, 5.5 விநாடி என்றால் உச்ச வேகம் விநாடிக்கு 0.29 மீட்டர். நத்தை வேகம். 100 வாட் சராசரிக்கு உச்ச விசை 700 நியூட்டன், எழுபது கிலோ எடையைத் தூக்குவது மாதிரி. 50 மில்லிமீட்டர் ஆரப் பல்சக்கரம் நிமிடத்துக்கு 54 சுற்று சுற்றும். ஜெனரேட்டர் 500 சுற்று கேட்டால் 1:9 கியர். இங்கே இரண்டு கண்ணி. ஒன்று, நிலைக்காந்த ஜெனரேட்டரின் பற்சிக்கல்: கையால் திருப்பும்போது கடகடவென்று பிடிக்குமே, அந்தத் தடை கியர் வழியாக ஒன்பது மடங்காகி மிதவைக்கு வரும், சிற்றலைக்கு அது அசையவே அசையாது. காந்தம் சாய்த்து வைத்த ஜெனரேட்டர், அல்லது இரும்பு உள்ளகம் இல்லாதது வாங்குங்கள். இரண்டு, டயோடு. பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் 1.4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் அமைப்பில் அது 12 சதவீதம், 48 வோல்ட்டில் 3 சதவீதம். கார் பேட்டரி கிடைக்கிறது என்பதற்காக 12-இல் நிற்க வேண்டாம்.

இதைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன் தரையில் ஓட்டுங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. 1 எச்.பி. கியர் மோட்டார், வேகம் மாற்ற ஒரு வி.எஃப்.டி., 250 மில்லிமீட்டர் ஆரத்தில் கிராங்க், நிமிடத்துக்கு 11 சுற்று. இதுதான் உங்கள் செயற்கை அலை. கிராங்குக்கும் பற்சட்டத்துக்கும் நடுவே லோட் செல், பக்கத்தில் இழுகம்பி இடப்பெயர்ச்சி உணரி, வெளியீட்டில் வோல்ட்டும் ஆம்பியரும், எல்லாம் ஒரே கடிகாரத்தில் விநாடிக்கு 50 வாசிப்பு. 200 மணி நேரம் நிறுத்தாமல் ஓடட்டும், அது 1,31,000 சுழற்சி. கடலில் ஓராண்டு என்பது 57 லட்சம் சுழற்சி. 200 மணியில் தளர்ந்த போல்ட் கடலில் ஒரு மாதம் தாங்காது.

தரைச் சோதனையிலேயே வேண்டுமென்று இரண்டு விபத்து செய்து பாருங்கள். பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். சுமை இல்லாமல் ஜெனரேட்டர் எதிர்ப்பை விட்டுவிடும், மிதவை தடையின்றி வீசும், வோல்ட் ஏறி எலெக்ட்ரானிக்ஸைச் சுடும். இதற்காகத்தான் எப்போதும் ஒரு வெற்றுச்சுமை மின்தடை, பேட்டரி நிறைந்ததும் தானாகச் சேரும்படி, கணினி நிரலை நம்பாமல் ரிலேயாலேயே இயங்கும்படி இருக்க வேண்டும். அடுத்து, வீச்சு எல்லையில் மோதவிடுங்கள். மிதவையும் கூடவே ஆடும் நீருமாக 880 கிலோ, விநாடிக்கு 0.8 மீட்டரில் மோதினால் 280 ஜூல். புயலலையில் 2 மீட்டர் வேகத்தில் வந்தால் 1,760 ஜூல். வெல்டிங் செய்த வெறும் இரும்பு நிறுத்தி இதை வாங்காது, பற்சட்டத்தின் கடைசிப் பற்கள் உதிரும். ரப்பர் மோதுதாங்கி வையுங்கள், துறைமுகத்தில் படகு மோதாமல் தொங்கவிடும் ரப்பரே இதற்குப் பொருந்தும்.

துறைமுகத்துக்குள் ஒரு வாரம். அலை இல்லாத நீரில் என்ன சோதனை என்று தோன்றும். அங்கே பார்ப்பது ஒழுகல். கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயிலில் பெட்டி 55 டிகிரி வரை காய்கிறது, உள்காற்று விரிந்து ரப்பர் இடுக்கின் வழியே கொஞ்சம் வெளியேறுகிறது. மாலையில் ஒரு பெரிய அலை மேலே கொட்டியதும் பெட்டி திடீரென்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, கிளாண்டின் இழைகளில் நின்ற உப்புநீர் ஒரு சொட்டு உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரு நாளைக்கு ஒரு சொட்டு. பத்தாம் நாள் சர்க்யூட் போர்டின் செம்பு பச்சை பூக்கிறது. பெட்டியின் ஐ.பி.67 முத்திரை அரைமணி நேரம் அசையாத நீரில் வாங்கியது, இந்த மூச்சு வாங்கலுக்கு அல்ல. கிளாண்டைப் பெட்டியின் அடிப்பக்கம் வையுங்கள், கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழையட்டும், நீர் வளைவிலேயே சொட்டிவிடும். காற்றுவிடும் சவ்வு அடைப்பான் ஒன்று போடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல், வெயில் படும் பக்கம் வெள்ளை வண்ணம். அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் போர்டை எபாக்ஸியில் அமிழ்த்திவிடுங்கள், பழுது பார்க்க முடியாது என்பது அதன் விலை. அசையும் தண்டைச் சுற்றி உராயும் சீல் வைக்காமல் ரப்பர் துருத்தி மாட்டுங்கள். நம் வெதுவெதுப்பான கடலில் இரண்டு மாதத்தில் கொட்டலசு என்னும் கூரிய ஓட்டுயிரி ஒட்டிக்கொள்ளும், அது உராயும் சீலை அரம் போல அறுக்கும்.

நங்கூரம். கடலில் காணாமற்போன கருவிகளில் பலவற்றை ஜெனரேட்டர் கைவிடவில்லை, சங்கிலியைக் கோர்க்கும் ஒரு ஷேக்கிள் வளையம் கைவிட்டது. 120 டிகிரி இடைவெளியில் மூன்று கால், ஒவ்வொன்றும் ஆழத்தின் நாலரை மடங்கு, அதாவது 90 மீட்டர், அடிப்பகுதி சங்கிலி, மேலே நைலான் கயிறு. கான்கிரீட் பாளம் போட்டால் நினைவிருக்கட்டும், 1 டன் பாளம் கடல்நீரில் 570 கிலோதான். சேற்றுத் தரையில் பாளம் புதைந்து உறிஞ்சிக்கொள்ளும், பிறகு தூக்கும்போது எடையைவிடப் பலமடங்கு இழுவை வேண்டும். இப்படிப்பட்ட தரைக்கு அகன்ற மடல் நங்கூரம் நல்லது, சேற்றில் உழுது பிடிக்கும். சங்கிலி தேய்வது மேலேயும் அல்ல கீழேயும் அல்ல, தரையைத் தொட்டுத் தொட்டு எழும் அந்த ஒன்றிரண்டு மீட்டரில். அங்கே மட்டும் ஒரு சுற்று தடித்த சங்கிலி போடுங்கள், மாதம் ஒருமுறை கண்ணியின் விட்டத்தைக் காலிப்பரில் அளந்து எழுதுங்கள். ஷேக்கிள் ஆணியைக் கம்பியால் கட்டாமல் விடாதீர்கள், விநாடிக் கணக்கில் ஆடும் பாரம் எந்தத் திருகையும் கழற்றிவிடும். துருப்பிடிக்காது என்று எவர்சில்வர் ஷேக்கிளைச் சாதா இரும்புச் சங்கிலியில் கோர்த்தால் பக்கத்துக் கண்ணி அரிபடும், உலோகம் மாறாமல் பார்த்துக்கொண்டு துத்தநாகக் கட்டியும் மாட்டுங்கள். பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவு, ஆனால் மேலே மிதந்து யாராவது ஒருவரின் புரொப்பல்லரில் சுற்றும்.

அந்த யாராவது ஒருவர்தான் உங்கள் சோதனையின் ஆயுளை முடிவு செய்பவர். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, மீன்வளத் துறை, கடல்சார் வாரியம், கடலோரக் காவல் படை ஆகிய காகிதங்கள் எல்லாம் வேண்டும், கல்லூரி முகவரியில் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கோடியக்கரை சரணாலயப் பக்கம் போகவே வேண்டாம், தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் கரைகளையும் தவிருங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் அந்தந்த ஊரின் பஞ்சாயத்தார் முன்னே போய் உட்காருங்கள். எந்த இடத்தில் வலை விடுகிறார்கள், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், அடியில் பாறைப் பார் இருக்கிறதா சேறா என்பதை எந்த வரைபடத்தையும்விட நன்றாகச் சொல்வார்கள். அறுந்த வலைக்கு நட்டஈடு எப்படி என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். அவர்களில் ஒருவரின் படகையே வாராந்திரப் பார்வைக்கு வாடகைக்கு அமர்த்தினால் காவலும் ஆயிற்று. மிதவைக்கு மஞ்சள் வண்ணம், உச்சியில் பெருக்கல் குறி, இரவில் மஞ்சள் மின்னொளி, ஜி.பி.எஸ். கருவியில் 60 மீட்டர் வட்டம் தாண்டினால் கைப்பேசிக்குச் செய்தி. விளக்கின் பேட்டரி தனியாக இருக்கட்டும், உங்கள் ஜெனரேட்டரை நம்பி விளக்கு எரியக் கூடாது.

காலம் பொங்கல் முடிந்து, கடல் தணிந்ததும். தையில் இறக்கி, புரட்டாசிக்குள் தூக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் நிற்கும், அடியில் இழுவை வலை சிக்கும் பயம் இருக்காது, சோழக அலையும் ஓரளவு கிடைக்கும். உங்கள் முக்கியமான அளவீடுகளை அந்த இரண்டு மாதத்தில் வையுங்கள். ஐப்பசியில் கொள்ளிடமும் மற்ற ஆறுகளும் பெருகி வந்தால் ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் கடலுக்கு வரும், நங்கூரக் கயிற்றில் பாய் விரித்த மாதிரி படரும், இழுவை பலமடங்காகும். முதல் ஆண்டிலேயே புயலைச் சந்திக்கத் தைரியம் காட்ட வேண்டியதில்லை.

அளவீட்டை, கடல் ஆற்றல் கருவிகளுக்கான சர்வதேச ஐ.இ.சி. 62600 வரிசைத் தரநிலைகள் கேட்கிறபடி எழுதுங்கள். உயரத்தை அரை மீட்டர், காலத்தை ஒரு விநாடி என்று கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரிச் சக்தி, அதிகம், குறைவு, எத்தனை பதிவு என்று போடுங்கள். உங்கள் சிறுமாதிரிக்கு உயரக் கட்டத்தை 0.1 மீட்டராகக் குறைப்பது நல்லது. சக்தியை அலையின் மீட்டர் சக்தியால் வகுத்தால் பிடிப்பகலம் கிடைக்கும், இரண்டு கருவிகளை ஒப்பிட நேர்மையான எண் அது. செய்தித்தாளுக்குச் சொல்லும் உச்ச வாட் எதற்கும் உதவாது. ஒழுங்கற்ற அலையில் உச்சம் சராசரியைப் போல பத்து மடங்கு வரை போகும், ஒரு கணம் 1,000 வாட் காட்டிய கருவி நாள் முழுக்க 100 வாட் கொடுத்திருக்கலாம்.

பெரியவர்கள் விழுந்த இடங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. 1995-இல் ஸ்காட்லாந்தில் ஓஸ்ப்ரே என்ற கருவி நிலைநிறுத்தும்போதே அலையில் உடைந்தது. 2008-இல் போர்ச்சுகலில் மூன்று பெலாமிஸ் கருவிகள், மொத்தம் 2.25 மெகாவாட், சில மாதத்தில் பேரிங் கோளாறோடு கரைக்கு வந்தன, பிறகு பணமும் வற்றியது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்பளாவில் ஒரு நீர்த்தம்பக் கருவி நங்கூரம் அறுந்து போனது. நம் பக்கத்தில் 1991-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு நிறுவிய 150 கிலோவாட் நீர்த்தம்ப நிலையம் நிற்க வேண்டிய அளவு நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் டர்பைனும் சுற்றியது. மின்வலையோடு நேராகக் கோர்த்த தூண்டல் ஜெனரேட்டருக்கு அலை குறைந்த நேரத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அது மோட்டாராக மாறி, வலையிலிருந்து மின்சாரம் குடித்துக்கொண்டு டர்பைனைச் சுற்றும். பின்னாளில் அதே நிலையத்தைக் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்குத் திருப்பினார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இப்போது அலையில் இயங்கும் வழிகாட்டு மிதவை வரை கொண்டுவந்திருக்கிறது. விளக்கு, உணரி, வானிலைக் கருவி என்று சில பத்து வாட் போதும் வேலைகளே இந்தத் தொழில்நுட்பத்துக்கு இன்று கட்டுப்படியாகும் சந்தை, டெல்டாக் கடலுக்கும் அதுதான் பொருந்தும்.

பெரிய அளவுக்குத்தான் போக வேண்டும் என்றால், மிதவையைவிட அலைதடுப்புச் சுவரில் நீர்த்தம்ப அறை கட்டுவது இங்கே புத்திசாலித்தனம். ஸ்பெயினின் முத்ரிகுவில் 2011-இல் தொடங்கிய நிலையம் அப்படித்தான்: துறைமுகச் சுவருக்குள்ளேயே 16 டர்பைன், மொத்தம் 296 கிலோவாட். சுவரின் செலவு துறைமுகத்தின் கணக்கில் போகிறது, கேபிள் தரையிலேயே ஓடுகிறது, பழுது பார்க்க ஏணி போதும். நம் கரையில் மீன்பிடித் துறைமுகங்களுக்குப் புதுச் சுவர் கட்டும் வேலை நடக்கும்போது ஓர் அறையை மட்டும் காலியாக விட்டு வைக்கச் சொல்லலாம், பிறகு வெட்டுவதைவிட அது மலிவு.

கடைசியாகத் தூக்கும் நாள். ஜெட் பம்பு அடித்து உடனே கழுவிவிடாதீர்கள். கொட்டலசோடும் பாசியோடும் முதலில் எடை போடுங்கள், கழுவியபின் மறுபடி போடுங்கள், வித்தியாசத்தை எழுதுங்கள். சங்கிலிக் கண்ணிகளை அளந்து பாருங்கள். கேபிள் கிளாண்டைக் கழற்றாமல் ரம்பத்தால் குறுக்கே அறுத்து, உப்பு எத்தனை இழை வரை ஏறியிருக்கிறது என்று எண்ணிப் படம் எடுங்கள். நங்கூரங்கள் மூன்றையும் எடுத்தாயிற்றா என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.